மார்பக இம்பிளான்டை அகற்றிய பிறகு மார்பு எப்படித் தோற்றமளிக்கும்?

12 ஆண்டுகளாக உடம்பில் இருக்கும் சிலிக்கோன் இம்பிளான்டுகளை, அதாவது மார்பைப் பெரிதாக்க உள்ளே வைத்த பைகளை, எடுத்துவிட நினைக்கிறீர்கள். எடுத்தபின் மார்பு வற்றித் தொங்கிவிடுமா, பழைய நிலைக்குத் திரும்புமா, கணவர் முன்னால் நிற்கவே கூச்சமாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்விகளோடு இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் தூக்கமின்றிக் கிடந்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. சிங்கப்பூரில் எனக்குச் சிகிச்சை அளித்தவர்கள் விளக்கியதையும், என் உடம்பில் நானே கண்டதையும் மட்டுமே எழுதுகிறேன்.

என் 31ஆம் வயதில், இரண்டாவது மகனுக்குத் தாய்ப்பால் நிறுத்திய பிறகு, ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில் மார்புத் தசைக்கு அடியில் இரு பக்கமும் 275 மில்லிலிட்டர் அளவுள்ள சிலிக்கோன் இம்பிளான்டுகளை வைத்துக்கொண்டேன். அவை ஆயுளுக்கும் நிலைக்கும் பொருள்கள் அல்ல, காலம் கூடக்கூடச் சிக்கல்களும் மறு அறுவையும் வரக்கூடும் என்று அன்று எவரும் எனக்குச் சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றும் மனம் கசக்கிறது. 14 ஆண்டுகள் கழித்து இடப்பக்கம் மெல்ல இறுகத் தொடங்கியது. உடம்புக்குள் வைக்கப்படும் அந்நியப் பொருளைச் சுற்றி உடம்பே தழும்புத் திசுவால் ஓர் உறையைக் கட்டிக்கொள்ளும். அந்த உறை சுருங்கி இம்பிளான்டை நெருக்கினால் மார்பு கெட்டியாகி உருவமும் மாறும். இதை நான்கு நிலைகளாகப் பிரிக்கும் பேக்கர் அளவுகோலில் என்னுடையது மூன்றாம் நிலை. அதாவது தொட்டால் மட்டுமின்றிப் பார்த்தாலே ஒரு பக்கம் மேலேறியிருப்பது தெரியும். மாற்றி வைப்பதா, எடுத்துவிடுவதா என்று மருத்துவர் கேட்டபோது எடுத்துவிடச் சொன்னேன்.

அறுவைக்கு முந்தைய சந்திப்பில், இம்பிளான்ட் வைப்பதற்கு முன் எடுத்த படம் ஏதேனும் இருந்தால் கொண்டுவரும்படி அவர் கேட்டிருந்தார். கொண்டுபோனேன். அதை மேசைமேல் வைத்துவிட்டு, "இது 31 வயது உடம்பு. உங்களுக்கு இப்போது 45. இம்பிளான்ட் வைக்காமலேயே இருந்திருந்தால் இந்த வயதில் மார்பு எப்படி இருந்திருக்குமோ, அதைவிடக் கொஞ்சம் தளர்ந்த நிலையை எதிர்பாருங்கள்," என்றார். நான் கேட்டதிலேயே மிகவும் நேர்மையான பதில் அதுதான். பழையபடி ஆகுமா என்று நாம் கேட்கும்போது, இடையில் ஓடிப்போன ஆண்டுகளையும் திருப்பித் தருமாறு அறுவை சிகிச்சையிடம் கேட்கிறோம். உங்கள் அச்சத்தில் பாதி அந்தப் பழைய படத்தோடு ஒப்பிடுவதால் வருவது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தோற்றம் எப்படி அமையும் என்பது ஆளுக்கு ஆள் மாறும் என்றாலும், அது வெறும் அதிர்ஷ்டமன்று. உங்கள் சொந்தத் திசு எவ்வளவு, அதோடு ஒப்பிட்டால் இம்பிளான்ட் எவ்வளவு பெரியது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. நிறையச் சொந்தத் திசு உள்ள ஒருவர் சிறிய இம்பிளான்டை எடுத்தால் மாற்றம் குறைவாக இருக்கும்; மெலிந்த உடலில் பெரிய இம்பிளான்ட் பல ஆண்டுகள் இருந்திருந்தால், அது தோலை விரித்தது போதாதென்று அடியிலிருந்து திசுவை அழுத்தி மெலியவும் செய்திருக்கும். அதற்கடுத்தது தோலின் மீள்திறன். வயது, பேறுகாலங்கள், எடை ஏறி இறங்கியது, வெயில், புகைபிடித்தல் ஆகியவை அதைக் குறைத்துவிடும். தசைக்கு மேலே வைத்ததா, அடியிலா என்பதும் முக்கியம். உப்புநீர் நிரப்பிய வகையாக இருந்தால், சில வாரங்களுக்கு முன்பே மருத்துவ நிலையத்தில் ஊசியால் நீரை வெளியேற்றிவிட்டு எடுத்தபின் வரக்கூடிய உருவத்தை ஓரளவு முன்கூட்டியே பார்க்க முடியும்; உங்களுடையது சிலிக்கோன் என்பதால் அந்த வழி உங்களுக்கு இல்லை.

முதல் சில வாரங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அந்த நாட்களில்தான் பலர் மனமுடைந்து போகிறார்கள். எனக்கு உறையையும் சேர்த்து எடுத்ததால் இரு பக்கமும் கழிவுக் குழாய்கள் வைத்திருந்தார்கள். அவற்றை எடுத்து, கட்டையும் மாற்றிய நாளின் மாலையில், யீஷூனில் உள்ள எங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டின் குளியலறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். காறை எலும்புக்குக் கீழே இருந்த மேடு மறைந்து அந்த இடம் தட்டையாகியிருந்தது. அதற்குக் கீழே தோல் மெல்லிய மடிப்புகளாகச் சுருங்கி, நனைத்துப் பிழிந்த மல் துணியைப் போல் இருந்தது. முலைக்காம்புகள் சற்றே கீழ்நோக்கின. விரலால் தடவியபோது, இம்பிளான்ட் உட்கார்ந்திருந்த இடத்தில் விலா எலும்புகளின் மேல் சாம்பார்க் கிண்ணத்தின் உட்புறம் போன்ற ஆழமில்லாத பள்ளம் தட்டுப்பட்டது. இடப்பக்கத்தில் தோல் ஓரிடத்தில் மார்புக்கூட்டோடு ஒட்டிக்கொண்டு உள்ளிழுத்திருந்தது. குளியலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

இவை ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு என்று பிறகுதான் புரிந்துகொண்டேன். நெடுநாள் தாங்கலாக இருந்த பொருள் போனதும் மேற்பகுதி தட்டையாகத் தெரிகிறது. மெலிந்த திசு ஒரே நாளில் அந்த இடத்தை நிரப்பாது. பல ஆண்டு அழுத்தத்தால் மார்புக்கூடு சிறிது உள்வாங்குவதுண்டு, அந்த அழுத்தம் நீங்கியதும் அது ஓரளவு மெல்ல மேலெழலாம். தசையும் தோலும் புதிய இடத்தில் ஒட்டி ஆறும்போது உள்ளிழுப்பு தோன்றும். பெரும்பாலும் அது வாரங்களில் நெகிழ்ந்துவிடும். அதோடு, வீக்கம் இரண்டு பக்கமும் ஒரே அளவில் வடிவதில்லை. அதனால் முதல் மாதத்தில் ஒரு மார்பு மற்றொன்றைவிடப் பெரிதாகத் தெரிந்தால், அதுவே முடிவான வேறுபாடு என்று எண்ணிவிடாதீர்கள். ஆனால் ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கினாலோ, சிவந்து சூடாக வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, அது தோற்றம் சார்ந்த விஷயமே அன்று. உள்ளே இரத்தம் சேர்வதோ கிருமித்தொற்றோ ஆகலாம் என்பதால் அன்றைக்கே மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

ஆறாவது வாரத்தில் மடிப்புகள் குறைந்திருந்தன. மூன்றாம் மாதத்தில் மேற்பகுதியில் கொஞ்சம் சதை வந்து உட்கார்ந்ததைக் கண்டேன். இம்பிளான்டை எடுத்த பெண்கள் தங்களுக்குள் இதை 'ஃபிளஃபிங்' என்று சொல்லிக்கொள்கிறார்கள். புதிய திசு வளர்வதாக நினைக்க வேண்டாம். தோல் சுருங்குவதும், அழுந்திக் கிடந்த திசு விடுபட்டுப் பரவுவதும், வீக்கம் வடிந்து உருவம் நிலைகொள்வதும் சேர்ந்த மாற்றம் அது. முதல் சில மாதங்களில் விரைவாக நடந்து, பிறகு மெதுவாகி, ஏறக்குறைய ஓராண்டு வரை தொடரும். முலைக்காம்பைச் சுற்றி விரிந்திருந்த கருவட்டமும் ஓரளவு சிறிதாகும். தினமும் கண்ணாடியில் பார்ப்பவருக்கு இந்த மாற்றம் தெரியாது. மாதம் ஒருமுறை ஒரே சன்னல் வெளிச்சத்தில், ஒரே தூரத்திலிருந்து படம் எடுத்துவைத்ததால்தான் எனக்குத் தெரிந்தது. பூசும் களிம்புகளையும் மார்பை இறுக்குவதாக விற்கும் எண்ணெய்களையும் நம்பிப் பணம் செலவழிக்காதீர்கள். மருத்துவர் அனுமதித்தபின் செய்யும் உடற்பயிற்சி தசையைப் பலப்படுத்தும், நிமிர்ந்து நிற்க உதவும். தளர்ந்த தோலை அது மேலே தூக்காது.

தைப்பவரிடம் போகவும் அவசரப்பட வேண்டாம். நான் ஆறு மாதம் காத்திருந்து, தீபாவளிக்கு முன் தேக்கா நிலையத்தின் மேல்மாடியில் வழக்கமாகத் தைக்கும் அக்காவிடம் ரவிக்கைகளைக் கொண்டுபோனேன். அளவு நாடாவைச் சுற்றிப் பார்த்தவர், "மார்புச் சுற்று ரெண்டரை இஞ்சு குறைஞ்சிருக்கும்மா, ஆனா சுற்றைப் பிடிச்சா மட்டும் போதாது, டார்ட் முனையும் இறங்கணும்," என்று சொல்லிவிட்டு, மார்பின் வடிவுக்காகத் துணியில் பிடிக்கும் மடிப்பான அந்த டார்ட்டின் பழைய முனைக்கு அரை அங்குலம் கீழே சாக்குக்கட்டியால் ஒரு புள்ளி வைத்தார். பல மாதங்களாக நான் கண்ணாடியில் தேடிக்கொண்டிருந்த விடை அந்த அரை அங்குலத்தில் இருந்தது: மார்பு சிறுத்திருக்கிறது, சற்று இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். மெல்லிய பஞ்சு வைத்த கப் ரவிக்கையில் சேலை பழையபடியே நின்றது.

தழும்பைப் பற்றியும் அறிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் மார்பின் கீழ் மடிப்பில் இருக்கும் பழைய தழும்பின் வழியாகவே எடுப்பார்கள். உறையையும் எடுக்க வேண்டுமானால் வெட்டு நீளமாகலாம். நம்மைப் போன்ற மாநிறத்தவருக்கும் கருநிறத்தவருக்கும் தழும்பு கருத்துப்போவதும், தடித்துப் புடைப்பதும், காயத்தின் எல்லையைத் தாண்டி வளரும் கீலாய்டு ஆவதும் வெளிர்நிறத்தவரைவிட அதிகம் நேரும். காது குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ உங்களுக்குத் தழும்பு புடைத்திருந்தால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். புண் முழுவதும் ஆறிய பிறகு நான் பல மாதங்கள் சிலிக்கோன் பட்டை ஒட்டினேன். சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் அதன் அடியில் வியர்த்து அரிப்பெடுக்கும் என்பதால், தினமும் கழற்றிக் கழுவி, தோலை நன்றாக உலரவைத்து மீண்டும் ஒட்டவேண்டியிருந்தது. என் தழும்பு மங்க ஒன்றரை ஆண்டு ஆனது.

தொய்வைச் சரிசெய்யத் தூக்கல் அறுவை வேண்டுமா என்பதை உங்கள் மருத்துவரோடு நிதானமாகப் பேசுங்கள். முலைக்காம்பு மார்பின் கீழ் மடிப்புக்கும் கீழே இறங்கியிருந்தால், தோல் தானாகச் சுருங்குவது மட்டும் அதை மேலே கொண்டுவராது. இம்பிளான்டை எடுக்கும்போதே தூக்கலையும் செய்துகொள்பவர்கள் உண்டு. ஆனால் திசு மெலிந்தவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் முலைக்காம்புக்குச் செல்லும் இரத்த ஓட்டம் பாதிக்கப்படலாம் என்பதால் சில மாத இடைவெளி விடச் சொல்வதுண்டு. கருவட்டத்தைச் சுற்றியும் அதற்குக் கீழேயும் புதிய தழும்புகள் வரும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பின் வேறிடத்திலிருந்து கொழுப்பை எடுத்து மேற்பகுதியில் ஏற்றும் முறையும் இருக்கிறது. ஏற்றியதில் ஒரு பகுதியை உடம்பு உறிஞ்சிவிடும், இம்பிளான்ட் தந்த பருமனை அது தராது. அவசரமான மருத்துவக் காரணம் இல்லாவிட்டால் உருவம் நிலைகொள்ளும்வரை பொறுத்திருந்து முடிவு செய்வதே நல்லது என்பது என் கருத்து. முதல் மாதத்தில் கேட்டிருந்தால் நான் எதற்கும் சம்மதித்திருப்பேன்; ஓராண்டு கழித்து எதுவும் தேவைப்படவில்லை.

உறையை முழுதாக, இம்பிளான்டோடு ஒரே துண்டாகத்தான் எடுக்கவேண்டும் என்று இணையத்தில் பலர் வற்புறுத்துகிறார்கள். இம்பிளான்டோடு தொடர்புடைய ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் இருக்கும்போது அது அவசியம். மற்றவர்களுக்கு எவ்வளவு எடுப்பது என்பது உறையின் நிலையைப் பொறுத்தது. தசைக்கு அடியில் விலா எலும்போடு ஒட்டியிருக்கும் பகுதியைச் சுரண்டி எடுப்பதில் நுரையீரல் உறைக்குக் காயம் படும் ஆபத்தும் உண்டு.

மருத்துவரைத் தேர்ந்தெடுக்குமுன் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டை இணையத்தில் திறந்து, அவர் பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை நிபுணராகப் பதிவாகியிருக்கிறாரா என்று பாருங்கள். அழகுக்காகச் செய்யும் அறுவைக்கு மெடிசேவ் மருத்துவச் சேமிப்பும் மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியும் கைகொடுக்காது. இறுக்கம், கிழிசல் போன்ற மருத்துவக் காரணம் இருந்தால் எதைக் கோரலாம் என்று மருத்துவமனையின் கட்டணப் பிரிவில் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். எடுத்த பிறகும் மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். உள்ளே தழும்பு இருப்பதால், இம்பிளான்ட் இருந்ததையும் அதை எடுத்த ஆண்டையும் படமெடுப்பவரிடம் சொல்லவேண்டும்.

கணவரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் அறுவைக்கு முன்பே, முதல் மாதம் எப்படியெல்லாம் இருக்கக்கூடும் என்று மருத்துவர் சொன்னதை ஒன்றுவிடாமல் என் கணவரிடம் சொல்லிவிட்டிருந்தேன். அப்படியிருந்தும் குளியலறையில் அழுத அன்று அவருக்குக் காட்டத் துணிவில்லை. மூன்று வாரம் அவருக்குத் தெரியாமலேயே உடை மாற்றிக்கொண்டேன். பிறகு ஓர் இரவு, ஒட்டுப்பட்டையின் ஓரம் என் கைக்கு எட்டாமல் போகவே, வேறு வழியின்றி அவரை அழைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, தோல் உரியாதபடி ஓரத்தை மெல்ல மெல்ல எடுத்துவிட்டு, "நாளைக்கும் நானே எடுத்து விடுறேன், நீயா இழுக்காதே," என்று சொல்லிவிட்டுப் போனார்.