சீனாவில் சட்டத்தின் ஆட்சி இருக்கிறதா? அங்கே வசித்த வெளிநாட்டவராக உங்கள் கருத்து என்ன?

எதிரே நிற்பது யார் என்பதைப் பொறுத்தது. எனக்குச் சரக்கு கொடுத்தவர் ஏமாற்றினால் சட்டம் இருக்கிறது, பல நேரம் நம் ஊரைவிட வேகமாகவே இருக்கிறது. எதிரே நிற்பது ஆளும் கம்யூனிஸ்ட் கட்சி என்றால் இல்லை. நான் ஜேஜியாங் மாகாணத்து மொத்தச் சந்தை ஊரான யிவூவில் சில வருடங்கள் சரக்கு வாங்கி அனுப்பும் வேலை பார்த்தவன். அங்கே கண்டதையும் பிறகு படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

வெளிநாட்டவர் வீடு எடுத்துத் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதி போலீஸ் ஸ்டேஷனில் பதிய வேண்டும். பாஸ்போர்ட், வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரரின் அடையாள அட்டை நகல், இவற்றை நீட்டினால் கொஞ்ச நேரத்தில் ஒரு சீட்டு அடித்துக் கொடுத்துவிடுவார்கள். யாரும் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கவில்லை. நான் எந்த வீட்டில் படுக்கிறேன் என்பதும் அன்றைக்கே அரசாங்கத்துக்குத் தெரிந்துவிட்டது. முதல் விஷயத்தை மட்டும் சொல்லிச் சீனாவைப் புகழ்கிறவர்களும், இரண்டாவதை மட்டும் சொல்லித் திட்டுகிறவர்களும் பார்ப்பது ஒரே கவுன்டரைத்தான்.

ஒருமுறை ஸ்டீல் பாட்டில் சரக்கு, காட்டிய சாம்பிளைவிட மெல்லிசாக வந்தது. கடைக்காரம்மா அதே தகடுதான் என்று ஒரே பிடியாக நின்றார். ஒப்பந்தத்தில் அவர் கம்பெனியின் வட்டச் சிவப்பு முத்திரை இருந்தது. அங்கே கையெழுத்தைவிட அந்த முத்திரைக்குத்தான் மரியாதை. வெளிநாட்டு வியாபாரிகளின் தகராறுகளுக்கென்று யிவூவில் 2013ல் ஆரம்பித்த சமரசக் குழு ஒன்று உண்டு, பல நாட்டு வியாபாரிகளே அதில் மத்தியஸ்தர்கள். அங்கே போனோம். முத்திரையைப் பார்த்ததும் பேச்சு 'தகடு எவ்வளவு' என்பதை விட்டு 'தள்ளுபடி எவ்வளவு' என்பதற்கு வந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் இரண்டு பேரும் சிவப்பு மையில் விரல் ரேகை வைத்துவிட்டு வெளியே வந்தோம். வாய்தா வாங்கியே தாத்தா காலத்து நிலத் தகராறை என் தலைமுறை வரை இழுத்துவந்த குடும்பம் என்னுடையது. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குழு வருவதற்கு முன் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2011 கடைசியில் அதே ஊரில் ஒரு கம்பெனியின் முதலாளி பாக்கி வைத்துவிட்டு ஓடிவிட்டார். அங்கே வேலை பார்த்த இரண்டு இந்தியர்களைப் பணம் வரவேண்டிய வியாபாரிகள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அவர்களை மீட்கப் போன இந்தியத் துணைத் தூதரக அதிகாரி சர்க்கரை நோயாளி. கூட்டம் சூழ்ந்துகொண்டதில் கோர்ட்டிலேயே மயங்கி விழுந்தார். கோர்ட்டிலேயே! 2012 தொடக்கத்தில், யிவூவில் வியாபாரமே வைத்துக்கொள்ளாதீர்கள் என்று இந்தியத் தூதரகம் எச்சரித்தது. ஊர்க் கோர்ட் ஊர்க்காரன் பக்கம்தான் சாயும் என்ற பயம் பழைய வியாபாரிகளிடம் இன்னமும் உண்டு.

இதெல்லாம் கீழ்மட்டத்து விஷயம். மேலே போனால் கதை மாறுகிறது. அரசு அலுவலகத்தின் மேல் வழக்குப் போட 1990லிருந்தே சட்டம் இருக்கிறது. ஜனங்கள் போடுகிறார்கள், சில சமயம் ஜெயிக்கவும் செய்கிறார்கள். ஆனால் அந்த அலுவலகத்துக்கு உத்தரவு போடும் கட்சிக் கமிட்டியைக் கூண்டில் ஏற்ற வழியில்லை.

எனக்கு எல்லாவற்றையும் புரியவைத்தது 2003ல் நடந்த ஒரு சம்பவம். சுன் ஜிகாங் என்ற 27 வயது டிசைனர், குவாங்சோவில் வேலைக்கு வந்தவர். தற்காலிக வசிப்பு அனுமதிச் சீட்டு இல்லை என்று போலீஸ் பிடித்துப்போனது. அப்படிப் பிடித்து அடைத்து வைத்துச் சொந்த ஊருக்குத் திருப்பி அனுப்ப அப்போது ஒரு விதிமுறை இருந்தது. காவலில் அடி வாங்கி, மூன்றே நாளில் செத்துப்போனார். பத்திரிகையில் வந்து நாடே கொதித்தது. மூன்று இளம் சட்ட அறிஞர்கள், இந்த விதிமுறை அரசியல் சாசனத்துக்கு ஒத்துவருகிறதா என்று பரிசீலிக்கச் சொல்லி, சீனாவின் நாடாளுமன்றமான தேசிய மக்கள் காங்கிரஸுக்கு மனு கொடுத்தார்கள். ஜூன் மாதமே அரசாங்கம் அந்த முறையை எடுத்துவிட்டது.

அவ்வளவு வேகம் வேறெங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். சரிதான். ஆனால் அந்த விதிமுறை சாசனத்துக்கு முரண் என்று எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை, மக்கள் காங்கிரஸும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாளைக்கு வேறொருவன் வேறொரு விதிமுறையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பான். அரசாங்கம் தானாக மனமிரங்கி எடுத்ததாக முடித்துக்கொண்டார்கள். மனு கொடுத்த மூவரில் ஒருவரான சூ ஜியோங்குக்கு, பிறகு அவர் நடத்திய மக்கள் உரிமை இயக்கத்துக்காக, 2023ல் 14 வருடச் சிறைத் தண்டனை விதித்தார்கள். அரசைக் கவிழ்க்கப் பார்த்தார் என்பது குற்றச்சாட்டு.

கோர்ட் கட்சிக்குக் கீழேதான் என்பதை யாரும் மறைப்பதுகூட இல்லை. நீதித்துறைச் சுதந்திரம் என்பது மேற்கத்திய நாடுகளின் தவறான சிந்தனை, அதை எதிர்க்க வேண்டும் என்று 2017ல் பேசியவர் ஜோ சியாங். அப்போது அவர்தான் சீன உச்ச நீதிமன்றத்தின் தலைவர். 2022ல் ஷாங்காயைப் பூட்டி, கொரோனா தொற்று வந்தவர்களின் பக்கத்து வீட்டுக்காரர்களையும் முகாமுக்கு இழுத்துப்போனபோது, இதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று அந்த ஊர்ச் சட்டப் பேராசிரியர் தோங் ஜிவெய் எழுதினார். கட்டுரை இணையத்திலிருந்து காணாமல் போனது.

ஆகவே "நமக்கும் சீனா மாதிரி ஒருத்தன் வரணும்" என்று வாட்ஸ்அப்பில் எழுதுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. நம் ஊரில் வழக்கு இருபது வருடம் இழுக்கும், வெட்கக்கேடுதான். ஆனாலும் அரசாங்க உத்தரவுக்கு ஒரு ஐகோர்ட் நீதிபதி தடை போட முடிகிறது. பெய்ஜிங்கில் கட்சியின் முடிவுக்குத் தடை போட அந்த நாற்காலியே கிடையாது.

வியாபாரத்துக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. முத்திரை இல்லாமல் முன்பணம் கட்டாதீர்கள். உங்கள் முதலாளி அங்கே கம்பெனி ஆரம்பித்து, சட்டப் பிரதிநிதியாக (கம்பெனிக்குச் சட்டப்படி பொறுப்பாளியாக) உங்கள் பெயரைப் போட்டுக்கொள்கிறேன், சும்மா ஒரு பேருக்குத்தான் என்றால் கும்பிடு போட்டு மறுத்துவிடுங்கள். கம்பெனி மேல் சிவில் வழக்கு நிலுவையில் இருந்தால்கூடப் போதும், நீங்கள் நாட்டை விட்டுப் போகக் கூடாது என்று கோர்ட் உத்தரவு போடலாம். பல சமயம் விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டை நீட்டும்போதுதான் அது உங்களுக்கே தெரியவரும்.