ஆல்டோவுக்கும் ஒரு மெட்டு உண்டு

கேள்வி: என் மகளுக்கு நல்ல குரல். ஆனால் பாடகர் குழுவில் அவளை ஆல்டோ என்னும் தாழ்ந்த பெண்குரல் பிரிவில் நிறுத்திவிட்டார்கள். மெட்டு முழுக்க உச்சக் குரலான சொப்ரானோவுக்கே போகிறது. இவள் குரல் தனியாகக் கேட்பதே இல்லை. திறமை வீணாகிவிடாதா?

பதில்: வீணாகாது அம்மா. குழுவில் காது நன்றாக வளர்வது ஆல்டோவிலும், ஆண்களின் மேல்குரலான டெனரிலும்தான் என்று அடித்துச் சொல்வேன். மெட்டைப் பாடுகிறவர் பக்கத்தில் இருப்பவரைக் கவனிக்காமலேயே பாடி முடித்துவிடலாம். நடுக்குரல் பாடும் பிள்ளையால் அது ஆகாது. மேலே ஒன்று, கீழே வேறொன்று ஒலிக்கும்போது, தன் சுரத்தையும் விடாமல் இரண்டோடும் இசைந்து நிற்க வேண்டும்.

சட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம் மூன்றும் சேர்ந்து ஒலிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பியானோவில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையிலான அரைச்சுரத்தை 100 சென்ட்டாகப் பிரித்தால், பியானோவின் அந்தர காந்தாரம் சட்ஜத்தோடு முழுமையாக இசையும் அந்தர காந்தாரத்தைவிட ஏறக்குறைய 14 சென்ட் கூடுதல். பக்கவாத்தியம் இல்லாமல் பாடும்போது, காந்தாரம் யாரிடம் இருக்கிறதோ அவர் அதை இம்மியளவு இறக்கினால் போதும். அதுவரை உரசிக்கொண்டிருந்த மூன்று சுரங்களும் ஒன்றில் ஒன்று கலந்துவிடும். பல இடங்களில் அந்தக் காந்தாரம் ஆல்டோவிடம்தான் இருக்கும். இதைக் கேட்டுச் சரிசெய்யப் பழகிய பிள்ளை தனியாகப் பாடினாலும் சுருதி விலகினால் உடனே உணர்வாள்.

என் வகுப்பில் சொப்ரானோக்களை வாய்மூடி 'ம்' என்று இசைக்கச் சொல்லி, ஆல்டோக்களை மட்டும் சொற்களோடு பாடவைப்பேன். ஆல்டோவுக்கும் ஒரு மெட்டு இருப்பது அப்போதுதான் பலருக்குத் தெரியவரும். நீங்களும் அவள் வரியை மட்டும் பாடச் சொல்லிக் கேளுங்கள். ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: பயிற்சி முடிந்ததும் தொண்டை வலித்தாலோ குரல் கம்மினாலோ ஆசிரியரிடம் உடனே சொல்லிவிடுங்கள். கீழ்ச்சுரங்களை அழுத்திப் பாடுகிறாளோ என்று அவர் பார்க்கட்டும். வளரும் குரலைத் துன்புறுத்தக் கூடாது.

கேள்வி: சேர்ந்திசையில் ஒரே சுரம் வெகுநேரம் அறுபடாமல் நீள்கிறதே, அவர்கள் மூச்சே விடுவதில்லையா?

பதில்: முறைவைத்து விடுகிறார்கள். பக்கத்தில் இருப்பவர் மூச்செடுக்கும்போது நீங்கள் எடுக்கக் கூடாது. சொல் முடியும் இடத்திலும் எடுக்கக் கூடாது, எல்லோருக்கும் அங்கேதான் தோன்றும். உயிரெழுத்து நீளும்போது மெல்ல விலகி, மூச்செடுத்து, மெல்ல வந்து சேர வேண்டும்.

கேள்வி: நல்ல பதிவுகள் இவ்வளவு இருக்கும்போது, மொழியும் புரியாத ஒரு சேர்ந்திசை நிகழ்ச்சிக்கு நேரில் போவதால் என்ன கிடைக்கும்?

பதில்: 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தாமஸ் டாலிஸ் 40 தனித்தனிக் குரல்களுக்கு ஒரு பாடல் அமைத்தார். ஐந்து குரல் கொண்ட எட்டுக் குழுக்கள். இசை ஒரு குழுவில் தொடங்கி அடுத்தடுத்த குழுவுக்கு நகரும், பிறகு நாற்பதும் ஒருசேர எழும். பாடகர்கள் நம்மைச் சுற்றி நின்று பாடினால் அந்த நகர்வை உடம்பே உணரும். இரண்டு ஒலிபெருக்கிகளால் அதைத் தர முடியாது. மொழி புரிந்தால் இன்பம் கூடும், மறுக்கவில்லை. பாடலின் பொருளை முன்கூட்டியே படித்துவிட்டுப் போங்கள். முதல்முறை எல்லாவற்றையும் கேட்க முயல வேண்டாம். எல்லாவற்றுக்கும் கீழே ஒலிக்கும் பாஸ் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு கடைசிவரை அதன் பின்னாலேயே போங்கள்.