விசித்திரமான கிடார் டிசைன்கள் ஏன் எடுபடாமல் போயின?

ஏதோ ஒரு தலையில்லாத கிடாரை, அதாவது கழுத்து முனையில் சுருதித் திருகாணிகள் இருக்கும் பகுதியே இல்லாத கிடாரைப் பார்த்துவிட்டு, வாங்கலாமா என்ற யோசனையில்தான் இதைக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதையே சொல்கிறேன்.

"கிடாரிஸ்டுகள் பழமைவாதிகள், புதுசு எதையும் ஏற்க மாட்டார்கள்" என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனென்றால் நான் ஏற்றுக்கொண்டவன். 1980 வாக்கில் நெட் ஸ்டைன்பெர்கர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் கொண்டுவந்த ஹெட்லெஸ் (தலையில்லாத) பாணியில் செய்த கிடார் ஒன்றைப் பதினோரு வருடம் வாசித்தேன். சுருதி அப்படி நிற்கும்! ட்யூனிங் எல்லாம் பிரிட்ஜ் பக்கம், அதாவது உடல் பகுதியில் கம்பிகள் வந்து முடியும் இடத்தில். ஸ்ட்ரிங்கின் இரண்டு முனையிலும் சின்ன உலோகக் குண்டு இருக்கும். மாட்டித் திருகினால் முடிந்தது, சுற்றிக் கட்டும் வேலையே கிடையாது.

அந்த இரட்டைக் குண்டுதான் என்னைக் கவிழ்த்தது. ஒரு கச்சேரியில் மூன்றாவது பாட்டிலேயே முதல் ஸ்ட்ரிங் அறுந்தது. என்னிடம் இருந்த கடைசி செட்டை முந்தின வாரம்தான் மாட்டியிருந்தேன். இன்னொரு கிடாரிஸ்ட் உடனே தன் பையிலிருந்து புது ஸ்ட்ரிங் எடுத்து நீட்டினார். ஒரு முனையில்தான் குண்டு. மாட்ட வழியில்லை. மீதி நிகழ்ச்சி முழுக்க ஐந்து கம்பியில் ஓட்டினேன். அதற்காக என் பங்கில் பிடித்தம் வேறு செய்தார்கள். பாடுபவர் சுருதி விலகினால் யார் பிடித்தம் செய்கிறார்கள்? வாசிப்பவன் என்றால் மட்டும் கணக்குப் பார்ப்பார்கள். அந்த வலி இன்னும் போகவில்லை.

"இப்போது எத்தனையோ பேர் ஹெட்லெஸ் வாசிக்கிறார்களே" என்று சண்டைக்கு வராதீர்கள். இன்று வருகிற பலவற்றில் சாதாரண ஸ்ட்ரிங்கையே பூட்டலாம். நான் சொல்வதும் அதுதான்: டிசைனில் குறையில்லை, அவசரத்துக்குக் கைகொடுக்கும் பொருள்தான் கிடைக்கவில்லை.

எல்லாமே அப்படி என்று சொல்லவில்லை. 1958-ல் கிப்சன் நிறுவனம் விட்ட, V எழுத்து வடிவ ஃபிளையிங் வி கிடார், உட்கார்ந்து வாசித்தால் மடியில் நிற்காது. முதல் இரண்டு வருடத்தில் நூறுகூடப் போகவில்லை, பிறகுதான் பேர் வந்தது. 2015-ல் அதே நிறுவனம் பெரும்பாலான எலெக்ட்ரிக் மாடல்களில் தானாகச் சுருதி சேர்க்கும் மோட்டாரை வைத்து விலையையும் ஏற்றியது. கேட்காதவர் தலையில் கட்டினால் யாருக்குத்தான் கோபம் வராது? அடுத்த வருடமே கையால் திருகும் மாடல்களைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

வாங்குவதானால் சாதாரண ஸ்ட்ரிங் பூட்ட முடிகிறதா என்று முதலில் பாருங்கள். முடியாதென்றால் கிடாரோடு சேர்த்தே நாலு செட் வாங்கிவிடுங்கள்.