செங்குத்து இல்லாத ஊரில் செங்கோடு எது?

கேள்வி: அஃபைன் வடிவியலில் தூரமும் கிடையாது, கோணமும் கிடையாது என்கிறீர்கள். அப்புறம் மிச்சம் என்னதான் சார் இருக்கிறது?

பதில்: இணைகோடுகள், நடுப்புள்ளி, கன அளவு. இழுத்தாலும் சாய்த்தாலும் கன அளவு மாறாத உருமாற்றங்களை மட்டும் அனுமதிக்கிறோம், அதாவது உருமாற்றத்தின் அணிக்கோவை (கன அளவு எத்தனை மடங்காகிறது என்று சொல்லும் எண்) 1. பரப்பளவு சமமாக இருந்தால் வட்டமும் நீள்வட்டமும் இங்கே ஒன்றுதான்.

கேள்வி: செங்கோணமே இல்லாதபோது பரப்புக்குச் செங்கோடு வரைவது எப்படி?

பதில்: இந்தத் துறையின் உயிர்நாடியே இதுதான். ஒரு பரவளையம் வரையுங்கள். கிடைத்தூரத்தின் வர்க்கம் உயரம். (1, 1) புள்ளியில் தொடுகோட்டின் சாய்வு 2. அதற்கு இணையாக (0, 0), (2, 4) புள்ளிகளைச் சேர்க்கும் நாணின் நடுப்புள்ளி (1, 2). இன்னொரு நாண் (−1, 1), (3, 9). நடுப்புள்ளி (1, 5). எல்லாம் (1, 1)க்கு நேர் மேலே வரிசையாக நிற்கின்றன. அந்தத் திசைதான் அஃபைன் செங்கோடு. பள்ளியில் படித்த செங்கோடு இடப்பக்கம் சாய்ந்திருக்கும். இது சாயவில்லை, கவனித்தீர்களா?

குவிந்த பரப்பு என்றால் தொடுதளத்துக்கு இணையாக வெட்டிக்கொண்டே போங்கள். வெட்டுமுகங்களின் மையங்கள் ஒரு வளைகோடாக அமையும். அது நம் புள்ளியை வந்தடையும் திசையே செங்கோடு. எத்தனை பரிமாணமானாலும் இதே கதைதான்.

கேள்வி: "அஃபைன் கோளம்" உருண்டையாக இருக்குமா?

பதில்: இருக்க வேண்டியதில்லை. செங்கோடுகள் எல்லாம் ஒரே புள்ளி வழியாகச் சென்றாலும் சரி, ஒன்றுக்கொன்று இணையாக இருந்தாலும் சரி, அது அஃபைன் கோளம். மேலே பார்த்த பரவளையம் இரண்டாவது ரகத்தின் தம்பி.

எனக்குப் பிடித்த அஃபைன் கோளம், மூன்று ஆயத்தொலைவுகளும் நேர்மமாகவும் அவற்றின் பெருக்கற்பலன் 1 ஆகவும் உள்ள பரப்பு. (2, 1, ½) புள்ளியில் தொடுதளம் அச்சுகளை 6, 3, 1½ இல் வெட்டும். கிடைக்கும் நான்முகியின் கன அளவு 27/6, அதாவது 4.5. (1, 1, 1) இல் வெட்டுகள் 3, 3, 3, மறுபடியும் 4.5! எங்கே தொட்டாலும் இதேதான். ருமேனியக் கணிதர் ட்ஸிட்ஸேய்கா 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராய்ந்த பரப்புகளின் வகை இது: காஸ் வளைவை (ஒரு புள்ளியில் பரப்பின் இரு முதன்மை வளைவுகளின் பெருக்கற்பலன்), ஆதிப்புள்ளியிலிருந்து தொடுதளத்துக்குள்ள தூரத்தின் நான்காம் அடுக்கால் வகுத்தால் மாறிலி வரும். இங்கே 1/27.

கேள்வி: ஒரு பரப்பு இருபடிப் பரப்புதானா, அதாவது நீள்கோளம் போல இரண்டாம் படிச் சமன்பாட்டால் வருவதுதானா என்று சட்டென்று சொல்ல முடியுமா?

பதில்: முடியும். காஸ் வளைவு எங்கும் பூச்சியமாகாத பரப்பென்றால், பிக் முப்படி வடிவம் (இருபடிப் பரப்பிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் அளவு) எங்கும் பூச்சியம் என்றால் ஆம், இல்லையென்றால் இல்லை.

கேள்வி: உருளையை வைத்து இரண்டு நாளாக மல்லுக்கட்டுகிறேன். செங்கோடு வரவே மாட்டேன் என்கிறது.

பதில்: வராது, விட்டுவிடுங்கள். தொடுதளத்துக்கு இணையாக உருளையை வெட்டினால் முடிவில்லாத பட்டைதான் கிடைக்கும். அதற்கு மையம் ஏது? காஸ் வளைவு பூச்சியமாகும் இடத்தில் இந்தக் கருவி நம்மைக் கைவிட்டுவிடும். நீள்கோளத்தில் போட்டுப் பாருங்கள், கோடுகள் நேராக நடுமையத்துக்கே போகும்.