இரண்டு ஏக்கர் நெல்லுக்கு அறுவடை இயந்திரம் மலிவாகக் கிடைக்குமா?

கிடைக்கும், வாடகைக்கு. கதிரை அறுத்து, அடித்து, தூற்றி, நெல்லைத் தனியாகக் கொட்டும் வண்டியைத்தான் அறுவடை இயந்திரம் என்கிறோம். ஒரு ஏக்கரை ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடித்துவிடும். இரண்டு ஏக்கர்காரருக்கு ஒரு போகத்தில் அரை நாள் வேலைகூட இல்லை. சொந்தமாக வாங்கினால் மீதி நாளெல்லாம் அது கொட்டகையில் நிற்கும், கடனுக்கு வட்டி மட்டும் ஓடும். கல்யாணத்துக்குப் பந்தலையும் அண்டாவையும் யாராவது விலைக்கு வாங்குகிறார்களா?

தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறது. அரசின் உழவன் கைப்பேசிச் செயலியிலேயே பதிவு செய்யலாம். அறுவடை உச்சத்தில் எல்லாருக்கும் ஒரே வாரத்தில் வண்டி தேவைப்படும் என்பதால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பக்கத்து வயல்காரர்களோடு ஒரே நாளில் அறுப்பது இன்னும் நல்லது. ஒன்றிரண்டு ஏக்கருக்காகத் தனியே வர தனியார் வண்டிக்காரர்கள் தயங்குவார்கள். நாலைந்து பேர் சேர்ந்தால் பேரம் பேசவும் முடியும்.

வாடகை மணிக்கணக்கு என்பதால் வயல் மூலைகளில் வண்டி வளைந்து திரும்பும் நேரமும் உங்கள் காசுதான். வயலின் நான்கு மூலைகளையும் முதல் நாளே அரிவாளால் அறுத்து வையுங்கள். வண்டி வயலில் இறங்கும்போது வண்டி ஓடிய நேரத்தைக் காட்டும் மீட்டரையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இதில் கூச்சம் வேண்டாம்.

டயர் வண்டிக்கு மணி வாடகை குறைவு, அதனால் மொத்தச் செலவும் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். ஈர வயலில் அது புதைந்து திணறும், அங்கே டயருக்குப் பதில் அகலப் பட்டையில் ஓடும் பெல்ட் வண்டிதான் சீக்கிரம் முடிக்கும்.