நிறம் மாறும் கற்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மாமனார் 1970-களில் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த மோதிரம் வீட்டில் இருக்கிறது. கல் 8 காரட் இருக்கும், தூசு தும்பு இல்லாமல் கண்ணாடி மாதிரி சுத்தம். பகலில் சாம்பல் கலந்த நீலம், ராத்திரி குண்டு பல்பில் கத்தரிப்பூ நிறம். அலெக்சாண்ட்ரைட் என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். விற்றால் என்ன விலை போகும்? (வாசகி, திருச்சி)

பதில்: நீங்கள் சொல்லும் நிறங்களை வைத்துப் பார்த்தால் இது அலெக்சாண்ட்ரைட்டாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அலெக்சாண்ட்ரைட் பகலில் பச்சை அல்லது நீலம் ஓடிய பச்சை. குண்டு பல்பில் சிவப்பு அல்லது ஊதா கலந்த சிவப்பு. சாம்பல் நீலத்திலிருந்து கத்தரிப்பூவுக்குப் போவது வனேடியம் கலந்து செய்த செயற்கைக் குருந்தத்தின் (மாணிக்கமும் நீலக்கல்லும் இந்தக் கனிமம்தான்) அடையாளம். பொடியைச் சுடரில் உருக்கிக் குருந்தக் கல் வளர்க்கும் முறையை வெர்னாய் என்ற பிரெஞ்சுக்காரர் 1902-ல் வெளியிட்டார். அந்த முறையில் செய்த இந்தக் கல் பல தலைமுறைகளாக உலகம் முழுக்க அலெக்சாண்ட்ரைட் என்ற பெயரிலேயே சுற்றுலாப் பயணிகளிடமும் கப்பல்காரர்களிடமும் விற்கப்பட்டு வருகிறது. 8 காரட்டில் சுத்தமான இயற்கை அலெக்சாண்ட்ரைட் என்றால் அது ஏலத்துக்குப் போகிற பொருள்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, கல் முழுகும்படி மோதிரத்தை வைத்து, 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் லென்ஸால் பக்கவாட்டில் பாருங்கள். கல்லுக்குள் வளைந்த கோடுகள் அடுக்கடுக்காகத் தெரிந்தால் அது சுடரில் உருக்கிச் செய்தது. இயற்கைப் படிகத்தின் வளர்ச்சிக் கோடுகள் நேராகத்தான் ஓடும். கோடு தெரியவில்லை என்றால், ஒளிவிலகல் எண்ணை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வைத்திருக்கும் கல் வியாபாரியிடம் கொடுங்கள். கல்லைக் கழற்றாமலே பார்த்துவிடலாம். அலெக்சாண்ட்ரைட்டுக்கு 1.746 முதல் 1.755 வரை காட்டும், குருந்தத்துக்கு 1.762 முதல் 1.770 வரை. செயற்கைக் குருந்தம் என்று தெரிந்தால் கல்லுக்குச் சில நூறு ரூபாய்க்கு மேல் மதிப்பில்லை, தங்கத்துக்குத்தான் விலை. மாமனாரின் மோதிரம் என்பதால் விற்காமல் வைத்துக்கொள்வதே நல்லது.

கேள்வி: கடையில் பார்க்கும்போது நன்றாக நிறம் மாறுகிறது, வீட்டுக்கு வந்தால் மாறுவதில்லை. ஏமாற்றுகிறார்களா? கடையில் எப்படிப் பார்த்து வாங்குவது? (வாசகர், சென்னை)

பதில்: எல்லா நேரமும் ஏமாற்று என்று சொல்ல முடியாது. பாதி விஷயம் உங்கள் வீட்டு விளக்கில் இருக்கிறது.

அலெக்சாண்ட்ரைட்டில் உள்ள குரோமியம், ஒளியில் மஞ்சள் பகுதியையும் ஊதாப் பகுதியையும் விழுங்கிவிட்டு, பச்சை-நீலத்தையும் சிவப்பையும் ஏறக்குறைய சமமாக வெளியே விடுகிறது. இரண்டு தட்டும் சமமாக நிற்கும் தராசு போல. பகல் வெளிச்சத்தில் நீலமும் பச்சையும் தாராளம். தட்டு அந்தப் பக்கம் சாய்ந்து கல் பச்சையாகிறது. குண்டு பல்பு, மெழுகுவர்த்தி, அகல் விளக்கு இவற்றில் சிவப்பு அதிகம்; கல் சிவக்கிறது. எல்.இ.டி. விளக்கு நீல ஒளியை மஞ்சள் பூச்சின் வழியே அனுப்பி வெள்ளையாக்குகிறது. கண்ணுக்கு மஞ்சள் வெளிச்சமாகத் தெரிந்தாலும், மலிவான எல்.இ.டி.யில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. அதனால் நல்ல கல்லும் அதன் கீழே சாம்பலும் பழுப்புமாக மங்கி நிற்கும். டியூப்லைட்டில் கிட்டத்தட்ட பகல் நிறமே தெரியும். வீடு முழுக்க எல்.இ.டி. என்றால், வண்ணத் துல்லிய எண் (சி.ஆர்.ஐ.) 95-க்கு மேல் போட்ட விளக்கு ஒன்றை வாங்கி மாட்டினால் பெரிய வித்தியாசம் தெரியும்.

கடைக்குப் போகும்போது பழைய பல்பு டார்ச் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள், எல்.இ.டி. டார்ச் உதவாது. காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3 மணிக்குள் போங்கள். அதிகாலையிலும் சாயங்காலத்திலும் வெயிலே சிவந்திருக்கும், கல்லின் பகல் நிறம் சரியாகத் தெரியாது. வாசலுக்கு வந்து, நேர் வெயில் படாத நிழலில், வெள்ளைத் தாளின் மேல் கல்லை வைத்துப் பாருங்கள். பக்கத்தில் வண்ணச் சுவரோ பளிச்சென்ற புடவையோ இருக்கக் கூடாது. பிறகு உள்ளே போய், சுற்றியுள்ள கடை விளக்குகளை அணைக்கச் சொல்லி, பல்பு டார்ச்சால் மேலிருந்து ஒளி காட்டுங்கள். இரண்டு வெளிச்சம் கலந்த இடத்தில் பார்த்தால் இரண்டு நிறமும் குழம்பித்தான் தெரியும். கல்லின் அடியிலிருந்து டார்ச் அடித்துக் காட்டினால் அதை ஏற்க வேண்டாம். மோதிரத்தில் பதித்த பிறகு யாரும் அடியிலிருந்து பார்க்கப் போவதில்லை.

அடுத்தது முக்கியம்: வெளிச்சத்தை மாற்றுங்கள், கல்லைத் திருப்பாதீர்கள். அண்டலுசைட், அயோலைட், டான்சனைட் போன்ற கற்கள் ஒரே வெளிச்சத்தில் திருப்பினாலே நிறம் மாறும். அது வேறு குணம். அதைக் காட்டி 'கலர் சேஞ்ச்' என்று விற்பவர்கள் உண்டு.

கேள்வி: '90 சதவீதம் கலர் சேஞ்ச்' என்று ஒரு கல், '60 சதவீதம்' என்று இன்னொரு கல். விலை இரண்டு மடங்கு வித்தியாசம். இந்தச் சதவீதத்தை யார் அளக்கிறார்கள்? (வாசகர், கோவை)

பதில்: யாரும் அளப்பதில்லை, அது வியாபாரியின் கண் மதிப்பு. எண்ணை விட்டுவிட்டு இரண்டு நிறத்தையும் தனித்தனியாக எடை போடுங்கள். பகல் நிறம் மட்டும் பார்த்தால் இந்தக் கல்லை வாங்குவேனா? விளக்கு நிறம் மட்டும் பார்த்தால் வாங்குவேனா? இரண்டுக்கும் ஆம் என்று வந்தால்தான் அது நல்ல கல். பாசிப் பச்சையிலிருந்து செங்கல் பழுப்புக்கு முழுதாக மாறும் கல்லைவிட, தெளிந்த நீலப் பச்சையிலிருந்து ஊதாச் சிவப்புக்கு முக்கால்வாசி மாறும் கல்லே மேல். விலையை இறக்குவது சாம்பலும் பழுப்பும்தான்.

பட்டை தீட்டியதையும் பாருங்கள். அலெக்சாண்ட்ரைட் மூன்று திசையில் மூன்று நிறம் காட்டும் படிகம்: பச்சை, ஆரஞ்சு மஞ்சள், ஊதாச் சிவப்பு. எடை குறையக் கூடாது என்று படிகத்தை வாகாக வைக்காமல் தீட்டினால், முகப்பில் ஆரஞ்சு மஞ்சள் ஏறி, விளக்கில் சிவப்புக்குப் பதில் பழுப்பு தெரியும். ஆழம் போதாமல் தீட்டிய கல்லில் நடுவில் வெளிச்சம் ஒழுகிப் போகும். செய்தித்தாள் எழுத்தின் மேல் கல்லை வைத்து மேலிருந்து பாருங்கள். எழுத்தைப் படிக்க முடிந்தால், அந்த நடுப்பகுதியில் நிறமும் இல்லை, மாற்றமும் இல்லை. அதற்கும் சேர்த்துக் காரட் விலை கொடுக்க வேண்டாம்.

எடையை ரத்தியில் சொன்னால் காரட்டில் கேட்டு வாங்குங்கள். ரத்திக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். 1 காரட் எங்கேயும் 0.2 கிராம்தான்.

கேள்வி: அடுத்த மாதம் இலங்கை போகிறோம். ரத்தினபுரியில் நேரடியாக வாங்கினால் மலிவாமே? (வாசகி, மதுரை)

பதில்: கல் தெரிந்தவருக்கு மலிவு. இலங்கை அலெக்சாண்ட்ரைட்டுகள் அளவில் பெரிதாகவும் உள்ளே சுத்தமாகவும் கிடைக்கும். ஆனால் பல கற்களின் பச்சையில் மஞ்சள் ஓடும், சிவப்பில் பழுப்பு ஓடும். பிரேசிலின் ஹெமட்டிட்டாவில் 1987-ல் கிடைத்த கற்கள் நீலப் பச்சைக்கும் ஊதாச் சிவப்புக்கும் பேர் போனவை. நம் ஆந்திராவின் விசாகப்பட்டினம் பக்கமும் கிடைக்கிறது. முதலில் கண்டெடுத்தது ரஷ்யாவின் யூரல் மலையில், 1830-களில். ரஷ்யக் கல் என்ற சொல்லுக்கே தனி விலை வைப்பார்கள். லேப் ரிப்போர்ட்டில் பிறப்பிடம் எழுதியிருந்தால் ஒழிய அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

ரத்தினபுரித் தெருவிலோ பேருவளையிலோ கையில் பொட்டலத்தோடு வந்து 'இப்போதுதான் இல்லத்திலிருந்து எடுத்தது' என்று பட்டை தீட்டாத கல் காட்டுபவர்களிடம் வாங்கவே வேண்டாம். இல்லம் என்று அங்கே சொல்வது கல் கிடைக்கும் சரளை மண் அடுக்கை. செயற்கைக் குருந்தத்தை உடைத்து, ஆற்றுக் கூழாங்கல் போல உருட்டித் தேய்த்து அதே பேச்சோடு விற்கிறார்கள். உரிமம் பெற்ற வியாபாரியிடம் வாங்குங்கள். கல்லை முதலில் கொழும்பில் உள்ள தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகார சபையின் பரிசோதனைக் கூடத்தில் காட்டிவிட்டுப் பணம் கொடுக்கிறேன் என்று சொல்லுங்கள். நேர்மையான வியாபாரி இதற்குக் கோபப்பட மாட்டார். பில்லை வாங்கி, இங்கே சுங்கத்தில் காட்டிக் கொண்டுவாருங்கள்.

கேள்வி: ஆன்லைனில் 'லேப் சர்டிபிகேட் உண்டு' என்கிறார்கள். அது போதுமா? (வாசகர், சேலம்)

பதில்: அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஸ்பீசிஸ் என்ற இடத்தில் கிரைசோபெரில் (அலெக்சாண்ட்ரைட் இந்தக் கனிமத்தின் ஒரு வகை), வெரைட்டி என்ற இடத்தில் அலெக்சாண்ட்ரைட், அத்துடன் 'நேச்சுரல்' என்ற சொல், இம்மூன்றும் வேண்டும். நிறம் போதிய அளவு மாறாவிட்டால் நல்ல லேப் 'அலெக்சாண்ட்ரைட்' என்று எழுதாது, வெறும் கிரைசோபெரில் என்றே எழுதும். 'கிரியேட்டட்', 'லேப் குரோன்' என்றால் பொருள் அதுவே, வளர்த்தது ஆய்வுக்கூடத்தில். 'சிமுலேட்டட்' என்றால் அது அலெக்சாண்ட்ரைட்டே இல்லை. ரிப்போர்ட் எண்ணை லேபின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். எடையை இரண்டாம் தசமம் வரையும், நீள அகல ஆழத்தை மில்லிமீட்டரிலும் கல்லோடு ஒப்பிடுங்கள். உண்மையான ரிப்போர்ட்டும் வேறு கல்லும் சேர்ந்து வருவதுதான் அதிகம் நடக்கும் மோசடி.

ஆய்வுக்கூடத்தில் வளர்த்த அலெக்சாண்ட்ரைட் 1970-களிலிருந்து சந்தையில் இருக்கிறது. அதன் வேதியியலும் ஒளிவிலகல் எண்ணும் இயற்கைக் கல்லுக்கு ஒன்றே; ரிஃப்ராக்டோமீட்டரோ, செல்சி ஃபில்டர் என்ற வண்ண வடிகட்டிக் கண்ணாடியோ பிரித்துக் காட்டாது. அகச்சிவப்பு நிறமாலையும் நுண் தனிமப் பகுப்பாய்வும் உள்ள லேப்தான் தீர்ப்புச் சொல்ல முடியும். லட்சங்களில் விலை என்றால் ஜி.ஐ.ஏ., குபெலின், எஸ்.எஸ்.இ.எஃப். போன்ற சர்வதேச லேப் ரிப்போர்ட் கேளுங்கள். அதற்குக் கீழே ஜெய்ப்பூர், மும்பையில் உள்ள பெயர் பெற்ற லேப்கள் போதும். விரிசலில் எண்ணெயோ பிசினோ ஏற்றியிருக்கிறதா என்பதும் அதில் இருக்க வேண்டும்.

வீடியோ கேட்டால் வெட்டாத ஒரே காட்சியாகக் கேளுங்கள். கல் வெள்ளைத் தாளின் மேல், பகல் வெளிச்சம் மறைந்து குண்டு பல்பு எரிய வேண்டும். பல்பு எரிந்ததும் தாள் மஞ்சளாகத் தெரிய வேண்டும். அப்போதும் தாள் வெள்ளையாகவே இருந்தால் கேமரா நிறத்தைத் திருத்துகிறது, கல்லின் நிறத்தையும் நம்ப முடியாது. பில்லில் 'இயற்கை அலெக்சாண்ட்ரைட், லேபில் வேறு என வந்தால் முழுப் பணம் திரும்ப' என்று எழுதித் தராதவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: பட்ஜெட் ஐம்பதாயிரம். நல்ல அலெக்சாண்ட்ரைட் கிடைக்குமா? (வாசகி, ஈரோடு)

பதில்: 1 காரட்டில் கிடைக்காது. 3 மில்லிமீட்டர் அளவில் சின்னச் சின்னக் கற்களாக, கம்மலுக்கு ஜோடி தேடலாம். ஒரே பெரிய கல்தான் வேண்டும் என்றால் நிறம் மாறும் கார்னெட் பக்கம் போங்கள். எங்கள் முதல் பரிந்துரை அதுவே. வழக்கமாக யாரும் அதைச் சூடாக்குவதில்லை, வண்ணம் ஏற்றுவதில்லை. எந்தத் திசையில் தீட்டினாலும் நிறம் ஒன்றே. தான்சானியாவின் உம்பா பள்ளத்தாக்கு, இலங்கை, மடகாஸ்கர் கற்கள் சந்தையில் உண்டு. மடகாஸ்கரின் பெகிலியில் 1990-களின் கடைசியில் வந்த நீலப் பச்சைக் கற்கள் மட்டும் விலை அதிகம். கடினம் 7-லிருந்து 7.5 வரைதான், தினமும் போடும் மோதிரத்துக்குக் கல்லைச் சுற்றிக் கட்டு உயர்த்திப் பதிக்கச் சொல்லுங்கள்.

தினசரி மோதிரமே வேண்டும் என்றால் நிறம் மாறும் நீலக்கல், கடினம் 9. பகலில் நீலம், விளக்கில் ஊதா. மாற்றம் அலெக்சாண்ட்ரைட் அளவு இருக்காது. ஹீட் செய்ததா இல்லையா என்று ரிப்போர்ட்டில் பாருங்கள்.

கேள்வி: சுல்டனைட் என்று 10 காரட் கல் இரண்டாயிரத்துக்குக் காட்டுகிறார்கள். (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: கண்ணாடி. உண்மையான சுல்டனைட் துருக்கியில் மட்டும் எடுக்கும் டயாஸ்போர். 10 மடங்கு லூப்பால் முகப்பு வழியாகக் கீழ்ப்பட்டைகளின் விளிம்பைப் பாருங்கள், கல்லைச் சற்றுத் திருப்பித் திருப்பி. டயாஸ்போரில் விளிம்பு இரட்டையாகத் தெரியும். கண்ணாடியில் ஒற்றையாகத்தான் தெரியும், சில சமயம் குமிழும் இருக்கும். உண்மையான டயாஸ்போருக்கும் ஒரு குறை உண்டு: ஒரு திசையில் சுலபமாகப் பிளக்கும். பதக்கத்துக்கு சரி, மோதிரத்துக்கு வேண்டாம்.

கேள்வி: ஜோசியர் வைடூரியம் போடச் சொன்னார். அதற்குப் பதில் அலெக்சாண்ட்ரைட் போடலாமா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: இரண்டும் கிரைசோபெரில் என்ற ஒரே கனிமம். பலன் பற்றி ஜோசியரைத்தான் கேட்க வேண்டும். பூனைக்கண் கோடும் ஓடி, நிறமும் மாறும் கற்கள் இலங்கையில் கிடைக்கின்றன. அபூர்வம், விலையும் அதற்கேற்ப. வாங்கினால் ரிப்போர்ட்டில் 'கேட்ஸ் ஐ அலெக்சாண்ட்ரைட்' என்று இருக்க வேண்டும்.

கேள்வி: பதிக்கும்போதும் பிறகும் என்ன கவனிக்க வேண்டும்? (வாசகி, காரைக்குடி)

பதில்: அடிப்பக்கம் திறந்த கட்டாக இருக்கட்டும், மூடினால் நிறம் மங்கும். நீலப் பச்சைக் கல்லுக்கு வெள்ளைத் தங்கம் எடுக்கும். மஞ்சள் தங்கம் தன் நிறத்தைக் கல்லில் ஏற்றிவிடும். மோதிர அளவு மாற்றும்போது பத்தரிடம் கல்லைக் கழற்றிவிட்டு ஊதச் சொல்லுங்கள். கார்னெட்டும் டயாஸ்போரும் திடீர்ச் சூட்டில் வெடிக்கும். எண்ணெய் ஏற்றிய அலெக்சாண்ட்ரைட்டில் எண்ணெய் வெளியேறி விரிசல் வெள்ளையாகத் தெரியும். அல்ட்ராசானிக் தொட்டியில் போட வேண்டாம். இளஞ்சூட்டுத் தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு, குழந்தைகள் பல் துலக்கும் மெல்லிய பிரஷ் போதும். கட்டின் அடியில் சேரும் எண்ணெய்ப் பிசுக்கைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.