நாக்குக் குளறினால் புத்தி போய்விட்டதா?

கேள்வி: எங்க வீட்டுக்காரர் அம்பாசமுத்திரத்தில் லாரி பட்டறை வைத்திருக்கிறார். லாரி இன்ஜின் சூடாகாமல் இருக்க ஊற்றுகிற கூலண்டைக் கலர் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தார். அதைத் தாகத்தில் குடித்துவிட்டார். நாலு தடவை டயாலிசிஸ் செய்து பிழைத்தார். வீட்டுக்கு வந்த ஒரு வாரத்தில் வாய் கோணி, பேச்சு குளறுகிறது. தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. புத்தி பேதலித்துவிட்டது என்கிறார்கள். பிராந்தி கொடுத்தால் விஷம் முறியுமாமே?

பதில்: பிராந்தி வேண்டவே வேண்டாம் அம்மா. சொன்னவர் முழுப் பொய் சொல்லவில்லை. கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைகாலை ஈரலின் நொதி ஒன்று அமிலமாக மாற்றும்போதுதான் பெரிய கேடு. சாராயம் அந்த நொதியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அதனால் குடித்த முதல் சில மணி நேரத்தில் ஆஸ்பத்திரியில் அளந்து கொடுப்பதுண்டு. இப்போது முறிக்க விஷம் மிச்சமில்லை, புரையேறுவதுதான் கூடும்.

அந்த அமிலம் கடைசியில் ஆக்சலேட்டாகி, கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகிறது. சிறுநீரகக் கல்லில் பெரும்பாலும் இருப்பதும் இதே சரக்குதான். சிறுநீரகத்தில் படிந்ததால்தான் டயாலிசிஸ் வரை போனது. மூளையிலும் படியும். குடித்து ஐந்து முதல் இருபது நாளுக்குள் முகத்துக்கும் தொண்டைக்கும் நாக்குக்கும் போகிற நரம்புகள் சிலருக்குத் தளர்ந்துபோகும். பிழைத்து வீட்டுக்கு வந்தபிறகு வருவதால் எல்லோரும் மிரண்டுபோகிறார்கள்.

புத்தி பேதலித்ததா என்ற விஷயத்துக்கு வருகிறேன். பேச்சு வேறு, மொழி வேறு. அவரிடம் ஒரு தாளைக் கொடுத்து, "குறுக்குத்துறைக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டு, பதிலை எழுதச் சொல்லுங்கள். வாயால் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லும்போது நாக்கு தடுக்கும். எழுதுவது ஒழுங்காக இருந்தால் சொற்கள் உள்ளே பத்திரமாக இருக்கின்றன, தசைதான் சொன்னபடி கேட்கவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். எழுத்திலும் சொல் மாறினாலோ, நீங்கள் கேட்பதே புரியாவிட்டாலோ, அது மூளையின் மொழிப் பகுதியைச் சேர்ந்த வேறு சங்கதி. அவர் காதுபட "புத்தி போச்சு" என்று யாரையும் பேசவிடாதீர்கள். அவருக்கு எல்லாம் விளங்கிக்கொண்டிருக்கலாம்.

ஆனால் இது பக்கவாதமாகவும் இருக்கலாம். வீட்டில் வைத்துப் பிரித்தறிய முடியாது. இன்றைக்கே 108-ஐக் கூப்பிட்டுப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். மூளைக்கு எம்ஆர்ஐ எடுப்பார்கள், விழுங்கும் திறனைச் சோதிப்பார்கள். அதுவரை வாய்வழியாகத் தண்ணீர், பதனீர், கஞ்சி எதுவும் வேண்டாம். நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா. ஒரு கண் மூடாவிட்டால் அதையும் சொல்லுங்கள், கருவிழி காய்ந்து புண்ணாகும். பேச்சுப் பயிற்சியோடு மாதக்கணக்கில் மெல்லத் தேறுவார்கள். சிலருக்குக் கொஞ்சம் குளறல் தங்கிவிடுவதும் உண்டு.

டிஸ்சார்ஜ் சீட்டோடு, அவர் எழுதிய தாளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.